இட்லிக் கடை கணக்கில் சேராதா?

கேள்வி: சார், எனக்கு 34 வயது. வியாசர்பாடி. ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் 11 வருடமாக வேலை, இப்போது லைன் சூப்பர்வைசர். எனக்குக் கீழே 28 மெஷின், கையில் வாங்கும் சம்பளம் 19,000. போன மாதம் ஃப்ளோர் இன்சார்ஜ் வேலையை, நான் பழக்கிவிட்ட பையனுக்கே கொடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சொந்தமாக நைட்டி தைத்து எம்.சி. ரோடு கடைகளுக்குப் போடலாம் என்று யோசனை ஓடுகிறது. ஆனால் எங்களுக்கு வியாபாரம் ராசியில்லை. அப்பா திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்துக் கடனில் மூழ்கி, மெஷினை விற்று, அந்த வருத்தத்திலேயே போய்ச் சேர்ந்தார். அப்புறம் அம்மா 9 வருடம் வாசலில் இட்லி சுட்டு எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். "நம்ம ரத்தத்துல வியாபாரம் கிடையாது, மாசச் சம்பளத்தை விட்றாதே" என்று அம்மா சொல்கிறார். வீட்டுக்காரர் "உன் இஷ்டம்" என்கிறார். ஒரு நைட்டிக்குத் துணி, நூல், ஜிப், கட்டிங், தையல் கூலி எல்லாம் சேர்த்து 165 ரூபாய் அடக்கம். கடையில் 200 தருவதாகச் சொல்கிறார்கள். கையில் 1 லட்சம் சேமிப்பு. எனக்கு இருப்பது தொழில் ஆசையா, வெறும் கோபமா? ராசி இல்லாதவள் இறங்கலாமா? அப்பாவின் பில் நோட்டெல்லாம் இன்னும் பரணில் இருக்கிறது, எடுத்துப் பார்க்கத் தைரியம் வரவில்லை.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்:

வணக்கம். 22 வருடம் வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்தவன் நான். எந்தத் தாள் வந்தாலும் பென்சிலை எடுத்துக் கோடு போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. உங்கள் கடிதத்தில் இரண்டு இடத்தில் கோடு போட்டிருக்கிறேன். ஒன்று, அம்மா இட்லி சுட்ட அந்த ஒற்றை வரி. இன்னொன்று, 165 ரூபாய். இரண்டிலும் ஒரே ஆள் விடுபட்டுப் போயிருக்கிறார். அது யார் என்று பிறகு சொல்கிறேன், முதலில் நீங்கள் கேட்டதைப் பேசிவிடலாம்.

கோபத்தைப் பற்றி ரொம்பக் குழப்பிக்கொள்ளாதீர்கள். என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து தொழில் கடன் கேட்டவர்களில், நல்ல வேலை, நல்ல முதலாளி, எல்லாம் சுகமாக இருந்தும் கிளம்பி வந்தவர்கள் ரொம்பக் குறைவு. வேலை போயிருக்கும், பங்காளி ஏமாற்றியிருப்பான், உங்களுக்கு நடந்த மாதிரி நம்மிடம் தொழில் கற்றவன் நம் தலைமேல் வந்து உட்கார்ந்திருப்பான். ஏதாவது ஒன்று உடைந்தால்தான் மனிதன் இடத்தை விட்டு எழுகிறான். கோபத்தில் தொடங்குவது தப்பில்லை, ஆனால் கோபத்திடம் கணக்குப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டால் அது யாரோ ஒருவருக்குக் காட்டுவதற்காகச் செலவு செய்ய ஆரம்பித்துவிடும்.

மூலக்கடை பக்கம் ஒருவர். லாரி புக்கிங் ஆபீசில் வேலை பார்த்து, முதலாளியோடு சண்டை போட்டு வெளியே வந்து, தானே ஒரு புக்கிங் ஆபீஸ் திறந்தார். கடன் கொடுத்து எட்டு மாதம் கழித்து இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போனேன். கண்ணாடி கேபின், அதற்குள் பழைய முதலாளி வைத்திருந்த அதே மாடல் சுழல் நாற்காலி. அதன் மேல் கடையில் போட்டுத் தந்த பிளாஸ்டிக் கவர்கூடக் கிழிக்கவில்லை. மனுஷன் வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறார். உள்ளே ஏன் உட்காரவில்லை என்று கேட்டால் "லாரி நிக்கறது தெரியாது சார்" என்றார். அந்த நாற்காலி தொழிலுக்காக வாங்கியது இல்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது. பிறகு அதை விற்றுவிட்டார், இப்போது நன்றாகத்தான் இருக்கிறார், அது வேறு விஷயம்.

உங்களுக்கு ஒரு கேள்வி. நாளைக்குக் காலையில் கம்பெனியில் கூப்பிட்டு, தப்பு நடந்துவிட்டது, நீங்களே இன்சார்ஜ் என்று சொன்னால் நைட்டி யோசனை போய்விடுமா, இருக்குமா? எனக்குச் சொல்ல வேண்டாம், உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். போய்விடும் என்றால் நீங்கள் தேட வேண்டியது வேறு கம்பெனியில் இன்சார்ஜ் வேலை, அதில் ஒரு அவமானமும் இல்லை. இருக்கும் என்றால் மேலே படியுங்கள்.

இனி ரத்தம். வடசென்னையில் இந்தப் பேச்சு அம்மாவோடு தொடங்கியது இல்லை. நம் பக்கம் தாத்தா காலத்தில் இருந்து மனிதனுக்கு அடையாளமே அவன் போகும் கேட்தான். "மில்லுல இருக்கார்", "ஹார்பர்ல இருக்கார்", "லோகோல இருக்கார்". பின்னி மில் தொழிலாளிகளை வைத்து 1918-ல் இங்கேதான் மதராஸ் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலை 1955-ல் வந்தது. மில் சங்கு ஊதினால் உலை வைக்கலாம், பெண் கொடுக்கலாம், மளிகைக் கடையில் கடன் சொல்லலாம். அந்தப் பெருமையை நான் குறைத்துப் பேச மாட்டேன், அதில் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. 1996-ல் பின்னி மூடியபோது, மில்காரர் என்ற பெயர் போனதும் தான் யார் என்று தெரியாமல் திண்ணையில் உட்கார்ந்துவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே வீட்டில் பெண்கள் அடுப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்து போண்டா போட்டார்கள், பூ கட்டினார்கள், சீட்டு நடத்தினார்கள். வீட்டுக்குப் பணம் வந்தது அவர்களிடம் இருந்துதான், ஆனால் "உங்க வீட்ல என்ன தொழில்" என்று கேட்டால் பதில் என்ன வரும்? "அவருக்கு மில் மூடிடுச்சு சார், இப்ப ஒண்ணும் இல்ல."

இப்போது உங்கள் வரிக்கு வருகிறேன். அம்மா 9 வருடம் இட்லி சுட்டு விற்றார். ஒன்பது வருடம்! அரிசி, உளுந்து விலை ஏறும்போது இட்லி விலையை ஏற்றுவதா, அளவைக் குறைப்பதா என்று முடிவு எடுத்திருப்பார். மழை நாளில் எவ்வளவு மாவு கரைப்பது என்று முதல் நாள் ராத்திரியே கணித்திருப்பார். கடன் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு அடுத்த தெரு வழியாகப் போகிறவனைப் பிடித்திருப்பார். மூன்று பிள்ளைகளைப் படிக்க வைக்கும் அளவுக்கு லாபம் எடுத்திருக்கிறார். என் வங்கிப் பார்வையில் உங்கள் வீட்டில் ஒரு தொழில் நஷ்டப்பட்டது, ஒரு தொழில் ஜெயித்தது. நீங்கள் இரண்டு பேரும் நஷ்டப்பட்டதை மட்டும் வியாபாரம் என்று பெயரிட்டு, ஜெயித்ததை "இட்லி சுட்டார்" என்று சொல்லி முடித்துவிட்டீர்கள். அம்மாவே அப்படித்தான் நினைக்கிறார், அதுதான் வேடிக்கை.

இது வெறும் ஆறுதல் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள். ஆல்பர்ட் பண்டூரா என்ற உளவியல் அறிஞர் 1977-ல் ஒரு விஷயம் எழுதினார். "என்னால் இது முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது? முதலில், தானே செய்து முடித்ததில் இருந்து. அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்து முடிப்பதைப் பக்கத்தில் பார்ப்பதில் இருந்து. மற்றவர்கள் தட்டிக்கொடுப்பதெல்லாம் அதற்கும் கீழேதான். உங்களைப் போன்ற ஒருவர் 9 வருடம் உங்கள் கண்முன்னே செய்து காட்டியிருக்கிறார். அந்த அனுபவம் உங்களிடம் இருக்கிறது, ஆனால் தப்பான தலைப்பில் பதிவாகியிருக்கிறது.

ரத்தம் பற்றி இன்னொன்றும் உண்டு. டேவிட் மெக்லிலண்ட் என்ற ஹார்வர்டு பேராசிரியர், சாதிக்க வேண்டும் என்ற வேகம் சின்ன வயது வளர்ப்பில் இருந்து வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தவர். 1964-ல் நமக்குப் பக்கத்திலேயே ஆந்திராவில், காக்கிநாடாவில், நடுத்தர வயது வியாபாரிகளைச் சேர்த்து ஹைதராபாத்தில் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். வளர்ந்து முடிந்த ஆட்களிடமும் மாற்றம் வந்தது. பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாகப் புது முயற்சிகளில் இறங்கினார்கள். அந்த வேகத்தை அவர் அளந்த முறையைப் பற்றிப் பிற்பாடு நிறைய சர்ச்சை நடந்தது, அதற்குள் போகவில்லை. வளர்ப்போடு எல்லாம் முடிந்துவிடுகிறது என்று சொன்னவரே இறங்கி வந்தார் என்பது மட்டும் நமக்குப் போதும்.

அப்பா நொடித்துப்போன வீட்டுப் பிள்ளை என்றால், அதற்கும் உங்கள் அப்பா பட்டறை வைத்திருந்த அதே திருவொற்றியூரில் ஒரு கதை இருக்கிறது. மாம்மன் மாப்பிள்ளை என்பவரின் தந்தை நடத்திய வங்கி 1938-ல் மூடப்பட்டு, தந்தை சிறைக்கும் போனார். மகன் 1946-ல் திருவொற்றியூரில் ஒரு சின்ன கொட்டகையில் பொம்மை பலூன் செய்ய ஆரம்பித்தார். அதுதான் மெட்ராஸ் ரப்பர் ஃபாக்டரி, உங்களுக்குத் தெரிந்த எம்.ஆர்.எஃப். ஆனால் இந்தக் கதையைப் பாதி சொல்லி உங்களை ஏற்றிவிட எனக்கு மனசில்லை. அவருக்குக் கல்லூரிப் படிப்பு இருந்தது, வசதியாக வாழ்ந்த குடும்பத்தின் தொடர்புகள் இருந்தன. விழுந்தாலும் அடியில் கொஞ்சம் வைக்கோல் கிடந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இருப்பது 1 லட்சமும் 11 வருடக் கைப்பழக்கமும்தான். அதனால் நீங்கள் இறங்குகிற விதம் வேறாக இருக்க வேண்டும்.

இங்கேதான் அந்த 165 ரூபாய். துணி இருக்கிறது, நூல் இருக்கிறது, ஜிப் இருக்கிறது, கட்டிங் மாஸ்டர் இருக்கிறார், தைப்பவர் இருக்கிறார். நீங்கள் எங்கே? துணி எடுக்கப் போவது யார், ஒவ்வொரு பீஸையும் செக் பண்ணிப் பிசிறு வெட்டுவது யார், பார்சலைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் எம்.சி. ரோட்டுக்குப் போய்க் கடைக்காரர் டீ குடித்து முடிக்கும்வரை நிற்பது யார்? அடக்கத்தில் உங்களுக்குக் கூலியே போடவில்லை. அம்மாவும் அப்படித்தான் செய்திருப்பார்: அரிசிக்குக் காசு, விறகுக்குக் காசு, தனக்கு ஒன்றுமில்லை, மிஞ்சியது குடும்பத்துக்கு. தன்னைக் கணக்கில் சேர்க்காததால்தான் அது தொழிலாகவே அவர் கண்ணுக்குப் படவில்லை. தான் யார் என்று நினைக்கிறோமோ அதுதான் நம் அடக்க விலையில் வந்து உட்காரும். எத்தனை பேர் திட்ட அறிக்கையில் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பெண்கள், எல்லோருக்கும் சம்பளம் போட்டிருப்பார்கள், தன் பெயரை மட்டும் விட்டிருப்பார்கள்.

சரி, கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நாளுக்கு 25 பீஸ், மாதம் 25 நாள் என்றால் 625 பீஸ். ஒன்றுக்கு 35 ரூபாய் என்றால் 21,875. சம்பளத்தைவிட அதிகம் போலத் தெரிகிறது. அதில் இஸ்திரி, கவர், வண்டிச் சத்தம், கரன்ட், திரும்பி வரும் டேமேஜ் எல்லாம் சேர்த்து பீஸுக்கு 8 ரூபாய் என்று குறைவாகவே வையுங்கள், 16,875-க்கு இறங்கிவிட்டது. இப்போது வாங்குவதைவிடக் குறைவு, பி.எஃப். கிடையாது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அயனாவரம் இ.எஸ்.ஐ. கிடையாது. அப்புறம் இதைவிடப் பெரியது ஒன்று: கடைக்காரர் ஒரு மாதக் கடன் கேட்டால், 625 பீஸ் 165 வீதம் 1,03,125 ரூபாய். உங்கள் மொத்தச் சேமிப்பும் ஒரே மாதத்தில் அவர் அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கும், இரண்டாவது மாதம் துணி எடுக்க நீங்கள் வட்டிக்காரரிடம் நிற்பீர்கள். இந்த வரியைப் படித்ததும் உங்களுக்கு அப்பா ஞாபகம் வந்திருந்தால் ஆச்சரியமில்லை.

அதனால்தான் சொல்கிறேன், பரணில் இருந்து அந்த நோட்டை இறக்குங்கள். தனியாக வேண்டாம், வீட்டுக்காரரையோ கூடப் பிறந்தவர்களில் ஒருவரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு. எண்ணெய்க் கறையும் இரும்புத் தூளும் ஒட்டியிருக்கும், கார்பன் காப்பி மங்கியிருக்கும், அழுகை வந்தால் வரட்டும். கடைசி இரண்டு வருடத்தை மட்டும் பாருங்கள். பில் தேதி ஒரு பக்கம், பணம் வந்த தேதி ஒரு பக்கம், ஒரு தாளில் எழுதுங்கள். கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை செய்து கொடுத்த அந்தக் காலத்து ஜாப் ஒர்க் பட்டறைகள் எத்தனையோ பார்த்தவன் என்ற முறையில் என் ஊகம் இது: வேலை குறைந்து அப்பா நொடித்திருக்க மாட்டார், வேலை நிறைய இருந்து, பணம் நாலு மாதம் ஆறு மாதம் கழித்து வந்து, நடுவில் ஆள் கூலிக்கும் கரன்ட் பில்லுக்கும் வட்டிக்கு வாங்கி நொடித்திருப்பார். என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஒரே கம்பெனியை நம்பியிருந்திருக்கலாம், மெஷினுக்கு வாங்கிய கடனே அதிகமாக இருந்திருக்கலாம். எதுவானாலும் அது தேதியும் தொகையுமாக எழுதக்கூடிய ஒரு காரணமாக இருக்கும். ராசி என்றால் அதற்குப் பரிகாரம் செய்ய வேண்டும், காரணம் என்றால் விதி போட்டுக்கொள்ளலாம்.

ஹேசல் மார்க்கஸ், பாலா நூரியஸ் என்ற இரண்டு பெண் ஆய்வாளர்கள் 1986-ல் எழுதியது இதற்குப் பொருந்தும். நாளை நாம் யாராக வேண்டும் என்ற உருவம் ஒன்று மனதில் இருப்பது போலவே, யாராகிவிடுவோமோ என்று பயப்படும் உருவமும் இருக்கிறது, இரண்டுமே நம்மை நகர்த்தும் என்றார்கள். உங்களிடம் பயப்படும் உருவம் தெளிவாக இருக்கிறது, மெஷினை விற்றுவிட்டு நிற்கும் அப்பா. ஆக வேண்டிய உருவத்துக்குத்தான் முகமே இல்லை. நோட்டைப் படித்தால் அந்தப் பயத்தை உடைத்து இரண்டு மூன்று விதி எடுக்கலாம்: எந்தக் கடைக்கும் 10,000-க்கு மேல் கடன் நிலுவை வைக்க மாட்டேன், பாதிப் பணம் கைக்கு வராமல் அடுத்த லாட் போட மாட்டேன், தொழிலுக்கென்று மீட்டர் வட்டிக்குக் கை நீட்ட மாட்டேன். தொகையை நீங்கள் மாற்றிக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு இல்லாத ஒன்று இன்று உங்களுக்கு உண்டு. 2006-ம் ஆண்டு வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு செய்த சிறு தொழில்காரரிடம் சரக்கு வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கு உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு வேண்டும், ஆன்லைனில் இலவசம், யாராவது ஃபீஸ் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் எம்.சி. ரோடு கடைக்காரரை இதற்காக இழுத்துக்கொண்டு போனால் அடுத்த சரக்கை அவர் எடுக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். சட்டம் கடைசிக் கதவு. முதல் கதவு, கொஞ்சமாகக் கடன் கொடுப்பது. இன்னொன்று: மானியக் கடனுக்குப் போகும் எண்ணம் இருந்தால் பதிவு செய்வதற்கு முன்னால் கிண்டியில் இருக்கும் மாவட்டத் தொழில் மையத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள், அந்தக் கடன் தரும் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் முதல் கடன் புதிதாகத் தொடங்கும் யூனிட்டுக்குத்தான். ஆனால் அதெல்லாம் இந்த வருடப் பேச்சு இல்லை.

இப்போதைக்கு வேலையை விடாதீர்கள். அம்மா சொன்ன காரணம் தப்பு, சொன்ன யோசனை சரி. சரஸ் சரஸ்வதி என்ற பேராசிரியர், தேர்ந்த தொழில்முனைவோர் 27 பேரை உட்கார வைத்து அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்தார். எவ்வளவு லாபம் வரும் என்று அவர்கள் தொடங்கவில்லை. நான் யார், எனக்கு என்ன தெரியும், எனக்கு யாரைத் தெரியும் என்று தொடங்கி, எவ்வளவு போனால் என்னால் தாங்க முடியும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். உங்களுக்கு 1 லட்சமும் போனால் தாங்குமா? தாங்காது என்றுதான் நினைக்கிறேன். 15,000 போனால்? அந்தத் தொகைக்குள் 60 நைட்டி தைக்கலாம், செலவுக்கும் கொஞ்சம் மிஞ்சும். கம்பெனி துணியோ டிசைனோ நேரமோ அதில் கலக்க வேண்டாம். தையல் தெரிந்த யாராவது ஒருவர் வீட்டு மெஷினில், ஞாயிற்றுக்கிழமைகளில். உங்கள் பலம் தையலும் செக்கிங்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உங்களுக்குப் பழக்கமில்லாதது விலை சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. அதைப் பழகத்தான் இந்த 60.

அந்த அறுபதில் முப்பதைக் கடைக்குப் போடுங்கள், முப்பதைத் தெருவில், ஸ்கூல் வாசலில், தெரிந்தவர்களிடம் நேராக விற்றுப் பாருங்கள். அடக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு வரி சேர்த்து, நாளுக்கு இவ்வளவு என்று எழுதிவிட்டு விலை சொல்லுங்கள். 200-க்குக் கடைக்காரர் எடுப்பதை நேரில் 260-க்குக் கொடுக்க முடிகிறதா, 240-லேயே நிற்கிறதா என்று நாலு வாரத்தில் தெரிந்துவிடும். யாரும் கேட்காமல் தேங்கினால் அதுவும் ஒரு பதில், 15,000 ரூபாயில் வந்த பதில். பின்னால் ஒரு நாள் வேலையை விடுவதாக முடிவானால், 11 வருடத்துக்கான கிராஜுவிட்டி, அதாவது கம்பெனி தர வேண்டிய பணிக்கொடை, உங்கள் உரிமை: கடைசி அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 26-ஆல் வகுத்து, 15-ஆலும் 11-ஆலும் பெருக்குங்கள். அந்தக் கூட்டுத்தொகை 14,000 என்றால் ஏறத்தாழ 88,800 வரும். அந்தப் பணத்தை நைட்டியில் போடாதீர்கள்.

நோட்டை இறக்குகிற அன்றைக்கே அம்மாவிடமும் உட்காருங்கள். ராசி பற்றி வாதாட வேண்டாம், எந்த அம்மாவையும் யாரும் வாதாடி ஜெயித்ததில்லை. இட்லிக் கடையைப் பற்றி மட்டும் கேளுங்கள். எத்தனை மணிக்கு எழுந்தீங்க, முதல் நாள் எத்தனை இட்லி போச்சு, எப்போ விலை ஏத்தினீங்க, மிஞ்சின மாவை என்ன பண்ணீங்க. கடைசியாக, கடன் வெச்சிட்டுப் போனவங்ககிட்ட எப்படிக் காசு வாங்கினீங்க என்று கேளுங்கள். அதற்கு அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதி அனுப்புங்கள். வங்கியில் எங்களுக்கு அந்த வித்தை கடைசிவரை சரியாகக் கைவரவில்லை.